24 மணி நேரத்தை 365 முறை ஓட்டினால் ஒரு வருடம் ஆகிவிடாது

ஒரு நீர் விநியோக வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். தினமும் 1 கோடி லிட்டர் தண்ணீர் செலவாகிறது. பம்புகள் அதைவிட 1 சதவீதம் குறைவாக உள்ளே அனுப்புகின்றன. நடுவில் 30 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி, ஆழம் 5 மீட்டர். இதைக் கணினியில் 24 மணி நேரத்துக்கு சிமுலேஷன் செய்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். காலையில் தொட்டி இறங்குகிறது, இரவில் ஏறுகிறது, எல்லா இடத்திலும் அழுத்தம் போதுமான அளவு இருக்கிறது. நாள் முடிவில் நீர்மட்டம் தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 17 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. தினமும் 2 மீட்டர் ஏறி இறங்கும் வளைகோட்டில் அந்த 17 சென்டிமீட்டர் கண்ணில் படாது. நிரம்பிய தொட்டியோடு தொடங்கினால்கூட 30 நாளில் சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடும். தினசரி ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், 18ஆம் நாள் வாக்கிலேயே தொட்டி அடியைத் தொட ஆரம்பிக்கும்.

நீண்டகால சிமுலேஷன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட எளிய பதில் எனக்குத் தெரியாது. காலை உச்சத்தில் கடைசி வீட்டுக்கு அழுத்தம் போதுமா, தீயணைக்கத் தண்ணீர் எடுத்தால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதையெல்லாம் ஒரு நாள் ஓட்டமே சொல்லிவிடும். மெதுவாகச் சேரும் பற்றாக்குறையும், மெதுவாகக் கெடும் தரமும், மெதுவாக அடைபடும் குழாயும் ஒரு நாளுக்குள் அகப்படாது. அதனால் பலரும் செய்வது, கால அளவு கேட்கும் கட்டத்தில் 24 என்பதை அழித்துவிட்டு 8,760 என்று போடுவது. மென்பொருள் எந்த மறுப்பும் சொல்லாமல் ஓடும். கிடைப்பது ஒரே நாளின் 365 பிரதிகள். அதை உண்மையிலேயே ஒரு வருடமாக ஆக்க வேண்டுமென்றால், அந்த வலையமைப்புக்கு எதெல்லாம் நினைவில் நிற்கிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் மற்ற முடிவுகள் எல்லாம் வருகின்றன.

படம் படமாக நகரும் காலம்

குழாய்களில் தண்ணீர் எப்படிப் பிரிந்து ஓடும் என்று கண்டுபிடிக்க இரண்டு விதிகள் போதும். ஒரு சந்திக்குள் வரும் தண்ணீரும் அங்கிருந்து போகும் தண்ணீரும் சமம். ஒரு சந்தியிலிருந்து இன்னொரு சந்திக்கு எந்தப் பாதையில் போனாலும் ஆற்றல் இழப்பின் கூட்டுத்தொகை ஒன்றே. விதிகள் எளிமையானவை, கணக்கு எளிமையானதல்ல. உராய்வு இழப்பு ஓட்டத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை; ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரத்தில் அது ஓட்டத்தின் 1.852 அடுக்கில் ஏறுகிறது. ஆகவே ஒரே வீச்சில் விடை வராது. ஒரு ஊகத்தில் தொடங்கி, திருத்தித் திருத்தி நெருங்க வேண்டும். கையால் செய்யக்கூடிய ஒரு திருத்த முறையை 1936இல் ஹார்டி கிராஸ் கொடுத்தார். 1980களின் பிற்பகுதியில் டோடினியும் பிலாட்டியும் முழு வலையமைப்பையும் ஒரே சமயத்தில் திருத்தும் கிரேடியன்ட் முறையை உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும் பயன்படும் எபாநெட் அந்த முறையில்தான் ஓடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் லூயிஸ் ராஸ்மன் எழுதிய அந்த மென்பொருள் 1993இல் வெளியானது. இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். வணிக மென்பொருள்கள் பலவற்றின் உள்ளேயும் இதே கணக்குதான் இருக்கிறது.

சரி, இது ஒரு கணத்துக்கான கணக்கு. காலம் எங்கே வருகிறது? தொட்டியில்தான். இந்தக் கணத்தில் தொட்டிக்குள் எவ்வளவு வேகத்தில் தண்ணீர் போகிறது என்று தெரிந்தால், அடுத்த ஒரு மணி நேரமும் அதே வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டு மட்டத்தை உயர்த்துகிறார்கள். புதிய மட்டத்தோடு, அந்த மணிக்குரிய தேவையோடு, அடுத்த கணக்கு. புகைப்படங்களை அடுக்கிப் படம் ஓட்டுவது போல. இரண்டு புகைப்படங்களுக்கு நடுவே நடப்பது கணக்கில் இல்லை. பம்ப் சட்டென்று நின்றால் குழாயில் ஓடும் அழுத்த அலை இந்த முறையில் தெரியவே தெரியாது. அதற்கு வேறு மென்பொருள் வேண்டும், அதன் காலப்படி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம், நொடியின் சிறு பகுதிகளில் இருக்கும்.

இந்த அமைப்பை நன்றாகப் புரிந்துகொண்டால் ஒரு விஷயம் வெளிச்சமாகிறது. ஒரு புகைப்படத்திலிருந்து அடுத்ததற்கு, ஓட்டக் கணக்கைப் பொறுத்தவரை, கடந்து போவது மிகக் கொஞ்சம்: தொட்டிகளின் மட்டம், எந்தப் பம்ப் ஓடுகிறது, எந்த வால்வு திறந்திருக்கிறது. அவ்வளவுதான். பத்தாயிரம் குழாய் இருந்தாலும் நேற்றைய நாள் இன்றைக்கு விட்டுச்செல்வது தொட்டிகளுக்குள் இருக்கும் சில எண்களை மட்டும்தான். தினமும் நிரம்பி, தினமும் ஒரே மட்டத்துக்குத் திரும்பும் தொட்டிகள் என்றால், அந்த வலையமைப்பு நேற்றை மறந்துவிட்டது என்று பொருள். அங்கே அழுத்தத்தைப் பார்க்க 365 நாள் தொடர்ந்து ஓட்டுவதில் புதிதாக எதுவும் கிடைக்காது. தொட்டி பெரிதாக, அன்றாட வரவும் செலவும் துல்லியமாகப் பொருந்தாமல் இருந்தால் நிலைமை தலைகீழ். முதலில் சொன்ன உதாரணம் அந்த வகை.

தண்ணீரின் நினைவு நீளமானது

அழுத்தத்தை விட்டுவிட்டு தரத்துக்கு வந்தால் நினைவு பல மடங்கு நீளும். குளோரின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, தண்ணீருக்கு எத்தனை மணி நேர வயது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகிறது என்ற கணக்குகளில், ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இருக்கும் தண்ணீரைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தத் துண்டுகளை நகர்த்திக்கொண்டே போகிறது மென்பொருள். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரப் படி போதும் என்றாலும் தரத்துக்கு 5 நிமிடப் படி வழக்கம்.

இங்கேதான் தொடக்க நிலை என்ற தொல்லை வருகிறது. சிமுலேஷன் தொடங்கும்போது எல்லாத் தண்ணீருக்கும் வயது பூஜ்யம் என்று வைக்கிறோம். அது உண்மையல்ல. தொட்டிக்குள் இருந்த பழைய தண்ணீரின் உண்மையான வயது கணக்குக்குள் உருவாக நேரம் பிடிக்கும். 50 லட்சம் லிட்டர் தொட்டி, தினமும் அதன் வழியாகப் போவது 10 லட்சம் லிட்டர், உள்ளே தண்ணீர் முழுமையாகக் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொட்டியின் மறதிக் காலம் 5 நாள். தொடக்கத்தில் நாம் போட்ட பொய்யான எண்ணில் 5 நாள் கழித்தும் 37 சதவீதம் மிச்சமிருக்கும். 5 சதவீதத்துக்குக் குறைய 15 நாள் ஆகும். இப்படிப்பட்ட இரண்டு தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் இன்னும் அதிகம். ஆக, 24 மணி நேர ஓட்டத்தில் வரும் 'நீரின் வயது' வரைபடம், தொட்டியுள்ள எந்த வலையமைப்பிலும், நாம் தொடக்கத்தில் எழுதிய எண்ணின் நிழல்தான். 24 மணி நேரம் ஓட்டினால் எந்தத் தண்ணீருக்கும் 24 மணிக்கு மேல் வயது வராது என்பதை யோசித்தாலே போதும். இப்படி எடுத்த வரைபடத்தை ஆதாரமாக வைத்துக் குளோரின் அளவை முடிவு செய்வது மக்களின் உடல்நலத்தோடு விளையாடுவது.

இதற்குப் பரிகாரம் எளிது. முதல் இரண்டு மூன்று வாரத்தை வெறுமனே ஓடவிட்டு, அதை அறிக்கையில் சேர்க்காமல் தள்ளிவிட வேண்டும். அறிக்கை எந்த மணியிலிருந்து தொடங்க வேண்டும் என்று எபாநெட்டில் தனியாகச் சொல்ல முடியும். எவ்வளவு தள்ளுவது என்பதை ஊகிக்க வேண்டாம். வேறு வேறு தொடக்க எண்களோடு இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு வளைகோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படியும் நாள்தான் மறதி முடிந்த நாள்.

எண்ணில் ஒன்று கூடினால்

நீண்ட ஓட்டங்களில் மட்டுமே தலைகாட்டும் பிழைகள் சில உண்டு. குறுகிய ஓட்டத்தில் இவை முற்றிலும் மறைந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, தேவையின் அன்றாட ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் பெருக்கெண் வரிசை. மணிக்கு ஒன்றாக 24 எண்கள் எழுதினால் 24 மணி கழிந்ததும் மென்பொருள் மறுபடி முதல் எண்ணுக்குப் போகும். தவறுதலாக 25 எண்கள் எழுதிவிட்டால்? முதல் நாள் எந்தத் தவறும் தெரியாது. இரண்டாம் நாள் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். 13ஆம் நாள் 12 மணி நேரம் தள்ளி, காலை 7 மணி உச்சம் மாலை 7 மணிக்கு வந்து நிற்கும். 25 நாளில் ஒரு முழுச் சுற்று முடிந்து 26ஆம் நாள் மறுபடி சரியாகத் தோன்றும். அந்த நாளை மட்டும் எடுத்துப் பார்ப்பவருக்கு ஐயமே வராது.

இரண்டாவது, நேரத்தைச் சொல்லும் கட்டுப்பாடுகள். 'ஓட்டம் தொடங்கி 6ஆம் மணியில் பம்பை இயக்கு' என்பதும் 'கடிகாரத்தில் காலை 6 மணிக்கு இயக்கு' என்பதும் எபாநெட்டில் வெவ்வேறு கட்டளைகள். முதல் கட்டளை மொத்த ஓட்டத்திலும் ஒரே ஒரு தடவைதான் செயல்படும். இரண்டாவது ஒவ்வொரு நாளும் செயல்படும். நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேர மாதிரியில் இரண்டும் ஒரே விடையைத் தரும். அதே மாதிரியை ஒரு வருடத்துக்கு நீட்டினால், முதல் நாள் கடைசியாக எந்த நிலையில் விடப்பட்டதோ அதே நிலையில் பம்ப் மீதி 364 நாளும் இருக்கும். தொட்டி நிரம்பி மூடிக்கொள்ளும், அல்லது காய்ந்துபோகும். பழைய மாதிரி ஒன்றைக் கையில் வாங்கி நீண்ட ஓட்டத்துக்குத் தயார் செய்யும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கட்டளைகளைத்தான்.

அப்புறம், மென்பொருளுக்கு நாள்காட்டி தெரியாது. தொடங்கிய மணி தெரியும், அதிலிருந்து எத்தனை மணி கடந்தது என்று தெரியும். ஞாயிறு எது, கோடை எது, பண்டிகை எது என்பதெல்லாம் நாம் கொடுத்தால்தான் உண்டு. வாரத்துக்கு வேண்டுமானால் 168 எண்கள், வருடத்துக்கு வேண்டுமானால் 8,760 எண்கள். வீடுகளுக்கு ஒரு வரிசை, ஆலைகளுக்கு ஒரு வரிசை என்று வெவ்வேறு நீளத்தில் வைத்துக்கொள்ளலாம்; ஒவ்வொன்றும் தன் நீளத்துக்கு ஏற்ப மறுபடி தொடங்கும்.

காலப்படி பற்றிச் சுருக்கமாக. ஒரு மணி நேரம் என்று நாம் கொடுத்தாலும், நடுவில் தொட்டி நிரம்பினாலோ கட்டுப்பாடு ஒன்று செயல்பட்டாலோ மென்பொருள் தானாகவே படியைச் சுருக்கிக்கொள்ளும். இது நல்லது. ஆனால் மூன்று நிமிடத்தில் நிரம்பிக் காலியாகும் ஒரு சிறிய தொட்டி இருந்தால், பம்ப் ஓயாமல் ஓடி நின்று ஓடி நிற்கும், 24 படிகளில் முடிய வேண்டிய நாள் சில நூறு படிகளாகிவிடும். வருட ஓட்டம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நேரம் எடுத்தால் இப்படி ஒரு தொட்டி எங்காவது இருக்கிறதா என்று பார்க்கலாம். அதை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, சராசரி ஓட்டத்தை நேரடியாகக் கொடுப்பது பெரும்பாலும் போதும்.

விடைகளைச் சேமிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு அறிக்கை நேரத்திலும் எபாநெட் ஒரு சந்திக்கு 4 எண்களையும் ஒரு குழாய்க்கு 8 எண்களையும் எழுதுகிறது, எண்ணுக்கு 4 பைட். 10,000 சந்தி, 10,000 குழாய் என்றால் ஒரு நேரத்துக்கு 4,80,000 பைட். மணிக்கு ஒரு தடவை வீதம் ஒரு வருடத்துக்கு 4.2 ஜிபி. 20 வருடத்துக்கு 84 ஜிபி. கோப்புக்குள் இடத்தைக் குறிக்க 32 பிட் எண்ணை வைத்திருக்கும் எந்த நிரலும் 2 ஜிபியைத் தாண்டியதும் தடுமாறும். ஓட்டம் முடிந்துவிடும், விடை படிக்க வராது. இத்தனை எண்களும் நமக்கு வேண்டுமா என்பதுதான் சரியான கேள்வி. வேண்டாம். முக்கியமான 50 இடங்களின் அழுத்தம், எல்லாத் தொட்டிகளின் மட்டம், பம்புகளின் ஓட்ட நேரம், ஒவ்வொரு சந்தியிலும் நாளின் மிகக் குறைந்த அழுத்தம் ஆகியவற்றை ஓடும்போதே பிரித்து எழுதிக்கொண்டால் ஒரு வருடம் சில பத்து எம்பிக்குள் அடங்கும்.

அதற்கு வசதியாக எபாநெட்டின் உள்கணக்கை வெளியிலிருந்து அழைக்கக்கூடிய டூல்கிட் ஒன்று இருக்கிறது. ஒரு படி ஓட்டு, விடையைப் பார், வேண்டியதை மாற்று, அடுத்த படிக்குப் போ. பைத்தானில் வேலை செய்பவர்களுக்கு, அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகமும் அதே சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்து உருவாக்கிய டபிள்யூஎன்டிஆர் என்ற இலவச நிரல்தொகுப்பு இன்னும் இலகு. 'வேண்டியதை மாற்று' என்ற அந்த நடுப்படிதான் 365 பிரதிகளை ஒரு வருடமாக்குகிறது.

ஆண்டுகள் விட்டுச்செல்வது

எதையெல்லாம் மாற்ற வேண்டும்? ஒரு வருடத்துக்குள் பார்த்தால் தேவையும் வெப்பநிலையும். தேவை மாறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே, வெப்பநிலைதான் அடிக்கடி விட்டுப்போகிறது. தண்ணீருக்குள் குளோரின் சிதையும் வேகம் வெப்பத்தோடு ஏறும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. குளிர் மாதத்தில், மிஞ்சியிருக்கும் அளவுக்கு விகிதமாக, ஒரு நாளைக்கு 0.5 என்ற வேகத்தில் சிதைகிறது என்று வைப்போம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினோடு புறப்பட்ட தண்ணீர் 3 நாள் பயணத்தில் 0.22 மில்லிகிராமுக்கு வருகிறது. மக்களின் கைக்குச் சேரும் இடத்தில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், எனவே பாஸ். வெயில் மாதத்தில் வேகம் 1.0 ஆகிவிட்டால் அதே பயணத்தின் முடிவில் மிஞ்சுவது 0.05. சிதைவு வேகத்தை ஒரே எண்ணாக வைத்து ஓட்டிய வருட சிமுலேஷன் இந்தக் கோடையைப் பார்க்கவே பார்க்காது. வெயிலில் செலவு கூடுவதால் தண்ணீர் வேகமாக ஓடி அதன் வயது குறையும் என்பதும் உண்மை. இந்த இரண்டில் எது வெல்லும் என்பது அந்தந்த வலையமைப்பின் குழாய் நீளத்தையும் தொட்டி அளவையும் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் சிமுலேஷன்.

பத்து இருபது வருடங்கள் என்று வந்தால் குழாயே மாறிவிடுகிறது. புதிய வார்ப்பிரும்புக் குழாய்க்கு ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரத்தில் குழாயின் வழுவழுப்பைக் குறிக்கும் சி எண் 130 வாக்கில் இருக்கும். துருவும் படிவும் சேரச் சேர அது இறங்கும். 80க்கு வந்துவிட்டால், அதே தண்ணீரை அதே குழாயில் அனுப்ப உராய்வு இழப்பு சுமார் 2.5 மடங்கு. படிவு தடித்து உள்விட்டமும் 10 சதவீதம் குறைந்தால் அதன் மேல் இன்னொரு 1.67 மடங்கு. இரண்டும் சேர்ந்து 4 மடங்கைத் தாண்டும். இதன் விளைவு ஒரு சங்கிலி போல நீள்கிறது. இழப்பு கூடினால் இரவில் தொட்டி மெதுவாக நிரம்பும். மெதுவாக நிரம்பினால் விடிவதற்குள் முழுமையாகாது. முழுமையாகாத தொட்டியோடு காலை உச்சத்தைச் சந்திக்க நேரிடும். கூடுதலாகப் பம்ப் ஓட்டிச் சமாளித்தால், பம்புக்கு அருகே அழுத்தம் ஏறி அங்கே கசிவு கூடும்.

கசிவைப் பற்றி ஒரு வார்த்தை. பல மாதிரிகளில் கசிவை மொத்தத் தேவையின் இத்தனை சதவீதம் என்று நிலையான எண்ணாகச் சேர்த்துவிடுகிறார்கள். கசிவு அழுத்தத்தோடு மாறும். கெட்டியான இரும்புக் குழாயின் துளையில் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். பிளாஸ்டிக் குழாயின் நீளவாட்டு விரிசல் அழுத்தம் ஏறும்போது தானும் அகலமாவதால் அங்கே அடுக்கு 1.5 வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும் போகும். யாரும் தண்ணீர் பிடிக்காத இரவில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், கசிவும் அப்போதுதான் உச்சம். ஒரு நாளில் சிறிய வித்தியாசம்தான். பல வருடக் கணக்கில் மொத்த நீரின் வரவு செலவையே அது மாற்றிவிடும்.

குழாய் உடைவுகளையும் நீண்ட ஓட்டம் ஒதுக்கிவிட முடியாது. உடைவு எண்ணிக்கை வயதோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறும் என்ற மாதிரியை ஷமீரும் ஹோவர்டும் 1979இல் முன்வைத்தார்கள், இன்றும் பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வருடத்துக்கு 7 சதவீத வளர்ச்சி என்று எடுத்தால் 10 வருடத்தில் உடைவுகள் இரட்டிப்பு. எந்தக் குழாய், எந்த நாள் என்பது தற்செயல் ஆனதால் ஒரே ஓட்டம் எதையும் நிரூபிக்காது, பல நூறு ஓட்டங்கள் வேண்டும். ஒரு படிக்கு 20 மில்லிநொடி என்றால் ஒரு வருடம் 3 நிமிடத்தில் முடியும். 10 வருடத்தை 1,000 தடவை ஓட்ட 20 நாள் கணினி நேரம். ஓட்டங்கள் ஒன்றையொன்று சாராததால் பல கணினிகளுக்குப் பிரித்துக்கொடுத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். எபாநெட்டின் பழைய பதிப்புகளில், அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்ட தண்ணீர் முழுவதையும் கணக்கு கொடுத்துவிடும். பற்றாக்குறை என்பது எதிர்மறை அழுத்தமாக மட்டுமே தெரியும். நீண்ட ஓட்டத்தில் தொட்டி காலியாகும் நாட்கள், குழாய் உடைந்த நாட்கள் கட்டாயம் வரும். அந்த நாட்களில் இந்தக் கணக்கு உண்மையில் இல்லாத தண்ணீரை விநியோகம் செய்துகொண்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் கிடைக்கும் தண்ணீரும் குறையும் என்ற கணக்கு 2020இல் வந்த 2.2 பதிப்பில் சேர்ந்தது. நீண்டகால ஓட்டத்துக்கு அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். அதிலும் குழாய்கள் எப்போதும் நிரம்பியே இருக்கின்றன என்ற எடுகோள் அப்படியே இருக்கிறது. நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற நேரம் குழாய் காலியாகக் கிடக்கும் வலையமைப்புகளுக்கு, காற்று வெளியேறிக் குழாய் நிரம்பும் அந்த முதல் நேரம் இந்த மென்பொருளுக்கு அப்பாற்பட்டது.

ஒரே ஓட்டமா, பல ஓட்டங்களா

இவ்வளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நினைவுகள் வெவ்வேறு நீளத்தில் இருப்பது புரியும். தொட்டி மட்டம் ஒரு நாள் முதல் சில வாரம். தண்ணீரின் தரம் சில நாள் முதல் ஒரு மாதம். குழாயின் சொரசொரப்பு பல வருடம். இடையில் பெரிய வெற்றிடம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் குழாய் மாறிவிடப்போவதில்லை, ஒரு வருடத்துக்கு முந்தைய தொட்டி மட்டம் இன்றைக்கு எந்த விளைவையும் ஏற்படுத்தாது. இந்த வெற்றிடத்தைப் பயன்படுத்திக்கொண்டால் 20 வருடத்தை 1,75,200 மணியாகத் தொடர்ந்து ஓட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு வருடத்துக்கும் சில தனித்தனிச் சாளரங்கள் (அதாவது குறுகிய ஓட்டங்கள்), ஒவ்வொன்றுக்கும் முன்னால் தள்ளிவிடப்படும் இரண்டு மூன்று வாரம், சாளரத்துக்குச் சாளரம் மாறும் தேவை, வெப்பநிலை, சி எண். பெரும்பாலான வேலைகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். விதிவிலக்கு, மழைக்காலத்தில் நிரம்பி மாதக்கணக்கில் இறங்கும் பெரிய சேமிப்பு உள்ள இடங்கள். அங்கே சேமிப்பின் நினைவு ஒரு பருவத்தையே தாண்டும், தொடர்ச்சியான கணக்கு தேவை. அதற்கும் நாளுக்கு ஒரு எளிய வரவு செலவுக் கணக்கைத் தொடர்ச்சியாக ஓட்டி, அது தரும் மட்டங்களை முழு வலையமைப்பின் சாளரங்களுக்குக் கொடுத்தால் போதும்.

இப்படிப் பிரித்து ஓட்டிய வேலைகளில் என் மனதில் நிற்பது அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் டோவர் டவுன்ஷிப் பகுதியில் நடந்தது. அங்கே குழந்தைகளிடம் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்பட்டது. குடிநீர்க் கிணறுகள் சிலவற்றில் ரசாயன மாசு சேர்ந்திருந்தது தெரியவந்தது. எந்தக் குடும்பத்துக்கு எந்த மாதம் எந்தக் கிணற்றின் தண்ணீர் போனது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. நச்சுப்பொருட்கள் மற்றும் நோய்ப் பதிவேட்டுக்கான கூட்டரசு முகமை, 1962 முதல் 1996 வரையிலான 35 வருட விநியோகத்தை எபாநெட்டில் மறுபடி கட்டியெழுப்பியது. மாதத்துக்கு ஒரு வலையமைப்பு, மொத்தம் 420. ஒவ்வொன்றிலும் அந்த மாதத்தில் இருந்த குழாய்கள், கிணறுகள், தொட்டிகள், அந்த மாதத்துச் செலவு. முதலில், அப்போதிருந்த வலையமைப்பில் 1998 மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நேரடியாக அளவெடுத்து மாதிரியைச் சரிபார்த்தார்கள். ஒன்று செலவு குறைந்த காலம், மற்றது உச்சகாலம். அதற்குப் பிறகுதான் பின்னோக்கிப் போனார்கள்.

பழைய வருடங்களில் எந்தப் பம்ப் எந்த மணியில் ஓடியது என்பதற்குத் தகவல் இல்லாத இடம் நிறைய. அதை அவர்கள் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அழுத்தம் இந்த எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும், நாள் முடிவில் தொட்டி மட்டம் தொடங்கிய இடத்துக்கு அருகில் திரும்பியிருக்க வேண்டும், தேவை முழுவதும் நிறைவேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை வைத்து இயக்க முறையை வகுத்தார்கள். பிறகு ஜெனடிக் அல்காரிதம் (பரிணாமத்தைப் போல விடைகளைக் கலந்து மாற்றித் தேடும் கணினி முறை) ஒன்றைக் கொண்டு, இதே நிபந்தனைகளுக்குள் முடிந்தவரை வேறுபட்ட இயக்க முறைகளைத் தேடச் சொன்னார்கள். கிடைத்தவை ஒன்றுக்கொன்று அதிகம் விலகவில்லை. மக்களுக்கு ஒழுங்காகத் தண்ணீர் போயிருக்க வேண்டும் என்ற ஒரே உண்மை, அந்த வலையமைப்பு இயங்கியிருக்கக்கூடிய விதங்களைக் குறுகலான ஒரு வரம்புக்குள் அடக்கிவிட்டது. எழுதி வைக்காத பம்ப் நேரங்களை இப்படித்தான் மீட்டார்கள்.

அந்த 420 மாதங்களிலிருந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கிணற்றுத் தொகுதியிலிருந்தும் எத்தனை சதவீதத் தண்ணீர் வந்தது என்ற பட்டியல் நோயியல் ஆய்வாளர்களின் கைக்குப் போனது. 2003இல் வெளியான ஆய்வு முடிவில், கர்ப்ப காலத்தில் தாய்க்கு, மாசு காணப்பட்ட பார்க்வே கிணறுகளின் தண்ணீர் கிடைத்த அளவுக்கும், பிறந்த பெண் குழந்தைகளிடம் காணப்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கும் இடையே தொடர்பு பதிவானது.